கிறிஸ்தவர்களும் குரு மரியாதையும்

நமது கிறிஸ்தவத் தோழர்களில் சிலருக்கு நம்மீது ஒரு மனத்தாங்கல் உண்டு. "பார்ப்பனப் புரோகிதனையும் மடாதிபதியையும் நீங்கள் கண்டிக்கும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் சாமியார்களைப் பற்றி வாய் திறந்தால்தான் மனம் புண்படுகிறது. அவர்கள் பள்ளிக்கூடம் வைத்தவர்கள், ஆஸ்பத்திரி வைத்தவர்கள், குஷ்டரோகியைத் தொட்டுக் கட்டுப் போட்டவர்கள். அப்பேர்ப்பட்டவர்களுக்கு நாங்கள் செய்கிற மரியாதையை நீங்கள் ஏன் பரிகாசம் செய்ய வேண்டும்?" என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானது. ஆகவே நியாயமான பதில் சொல்ல நாமும் கடமைப்பட்டிருக்கிறோம்.

நல்லது செய்த மனிதனுக்கு நன்றி காட்டுவதை நாம் ஒருநாளும் வேண்டாமென்று சொன்னவர்களல்ல. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்கவொட்டாமல் தலைமுறை தலைமுறையாகத் தள்ளிவைக்கப்பட்டிருந்த பிள்ளையைக் கூப்பிட்டுச் சிலேட்டும் பலப்பமும் கொடுத்து உட்கார வைத்தவன் எந்த மதக்காரனாயிருந்தாலும், எந்த நாட்டானாயிருந்தாலும் அவனை நாம் மறப்பதற்கில்லை. ஆனால் இன்று கோவில்களில் நடக்கிற குரு மரியாதை இந்த நன்றிதானா என்பதே நமது சந்தேகம். மேற்றிராணியார் வருகிறார் என்றால் தோரணம், கொட்டுமேளம், வாணவேடிக்கை, சால்வை, மாலை, முழந்தாளிடுதல், மோதிரத்தை முத்தி செய்தல். இவையெல்லாம் அவர் என்ன செய்தார் என்று விசாரித்துக்கொண்டு நடப்பவையா, அல்லது அவர் என்ன உடுத்தியிருக்கிறார் என்று பார்த்துக்கொண்டு நடப்பவையா? அதே மனிதர் அங்கியைக் கழற்றிவிட்டு ஒரு நான்கு முழ வேட்டியைக் கட்டிக்கொண்டு அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றால் திரும்பிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

நிற்க. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கர்களில் பெரும்பாலோருடைய மேற்றிராசனம் கும்பகோணத்தைச் சேர்ந்தது. கும்பகோணம் என்றால் நமது வாசகர்களுக்குச் சங்கராச்சாரி மடமும் மகாமகக் குளமும்தான் ஞாபகத்துக்கு வரும். 1899ஆம் வருஷம் முதல் அங்கே ஒரு மேற்றிராணியார் பீடமும் இருந்து வருகிறது. அதன் கீழ்ப்பட்ட ஸ்தலங்களில் பேர் பெற்றது கொள்ளிடத்துக்கு வடக்கே திருமானூர் வட்டாரத்திலுள்ள ஏலாக்குறிச்சி. திருக்காவலூர் என்று அதற்குப் பெயர் வைத்தவர் வீரமாமுனிவர். இத்தாலி தேசத்தில் 1680இல் பிறந்து, 1710இல் இந்தியாவுக்கு வந்து, 1747இல் இந்த நாட்டிலேயே மாண்டவர். இயற்பெயர் பெஸ்கி.

ஏலாக்குறிச்சிக்குப் போகிறவர்களை அந்த முனிவர் என்ன செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். அரியலூர் ஜமீன்தார் அரங்கப்ப மழவராயருக்கு ராஜபிளவை கண்டது, வைத்தியர்கள் கைவிட்டார்கள், முனிவர் மாதாவை வேண்டிக்கொண்டு அவ்விடத்து மண்ணை எடுத்துப் பூசினார், பிளவை ஆறிற்று, ஜமீன்தார் நிலம் விட்டார் என்ற கதையைச் சொல்லுவார்கள். கட்டி பழுத்தால் உடையும், உடைந்தால் சிலருக்கு ஆறும், சிலருக்கு ஆறாது. ஆறியவன் கதை கோவிலுக்கு வரும். ஆறாதவன் கதை அவனோடு இடுகாட்டுக்குப் போய்விடும். பழனியிலும் திருப்பதியிலும் வேளாங்கண்ணியிலும் இதே கணக்குத்தான். இதில் கிறிஸ்தவனுக்கென்று தனிக் கணக்கு ஒன்றும் கிடையாது.

அந்தப் பிளவைக் கதையைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் வீரமாமுனிவர் சிறியவராகிவிடுகிறாரா என்றால் இல்லை. அப்பொழுதுதான் அவர் பெரியவராகிறார் என்று சொல்லுவோம். அவர் 1732இல் முடித்த சதுரகராதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் தெரிய வேண்டுமானால் நிகண்டு பாட வேண்டும். நிகண்டோ செய்யுள். அதை வாத்தியார் காலடியில் உட்கார்ந்து நெட்டுருப் போட வேண்டும். யாருக்கு வாத்தியார் கிடைப்பார், யாரைத் திண்ணையில் ஏறவிடுவார் என்பது நமது வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முனிவர் சொற்களை எழுத்து வரிசைப்படி அடுக்கி வைத்தார். எழுத்துத் தெரிந்த எவனும், எந்தக் குருவின் தயவும் இல்லாமல், புஸ்தகத்தைப் புரட்டித் தானே பொருள் கண்டுகொள்ளலாம் என்றாயிற்று. எகர ஒகரங்களில் குறில் எது, நெடில் எது என்று தடுமாறிக்கொண்டிருந்த எழுத்துக்கு வேறு வேறு வடிவம் கொடுத்ததும் அவர்தான். வேத காலத்து எழுத்தை மாற்றலாமா என்று கூச்சல் போடுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கவேண்டும். 1935இல் "குடி அரசு" ஏட்டில் பெரியார் கைக்கொண்டு, 1978இல் சர்க்கார் ஒப்புக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்துக்கு, இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு பாதிரியார் வழிகாட்டி வைத்திருக்கிறார். அவருக்கு 1968இல் சென்னைக் கடற்கரையில் சிலை வைத்தது தமிழ் செய்ததற்காகத்தானே ஒழிய, மண் பூசியதற்காக அல்ல.

அதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. குருவையும் சீடனையும் தமிழில் யாரும் மறக்கமுடியாதபடி பரிகாசம் செய்து எழுதியவரும் இதே குருதான். பரமார்த்த குருவையும், மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற அவருடைய ஐந்து சீடர்களையும் கேள்விப்படாத பிள்ளை உண்டா? ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்த்தவர்கள்! பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று விலை பேசியவர்கள்! ஆற்றைக் கடந்த பிறகு ஆள் கணக்கெடுத்தபோது, எண்ணியவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி ஒருவன் குறைகிறான், ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஒப்பாரி வைத்தவர்கள்! ஏலாக்குறிச்சித் திருவிழாவில் பிளவைக் கதைக்குப் பதில் இந்தக் கதையை ஒரு மணி நேரம் வாசித்தால், முனிவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறொன்றும் இருக்கமுடியாது என்பது நமது அபிப்பிராயம்.

ஆனால் அவரிடமும் நமக்குக் குறை உண்டு. அதையும் மறைக்கப்போவதில்லை. அவர் காவி உடுத்துப் பல்லக்கில் போனதாகவும், புலித்தோல் ஆசனத்தில் உட்கார்ந்ததாகவும் அவருடைய பழைய சரித்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த வேஷம் அவருடைய சொந்த யோசனையன்று. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி என்பவர் பூணூலும் குடுமியும் சந்தனமும் தரித்து, தாழ்ந்த ஜாதியாரோடு கலவாமல் பிராமண சந்நியாசியாகவே நடந்துகொண்டார். 1623இல் ரோமாபுரிப் பாப்பும் அந்தப் பூணூலுக்கும் குடுமிக்கும் இடங்கொடுத்தார். மற்ற ஜாதியாருக்குப் பண்டாரசாமிகள் என்ற வேறு வகைச் சாமியார்கள் ஏற்பட்டார்கள். அதாவது, ஏசுவுக்கு ஜாதியில்லை, ஏசுவைக் கொண்டுவந்தவர்களுக்கு ஜாதி உண்டு! பறையர் வீட்டில் ஒருவன் சாகக் கிடந்தால் உள்ளே போய் அவஸ்தைப் பூசுதல் கொடுக்கக்கூட மறுத்த சாமியார்கள் இருந்தார்கள். இது நாம் சொல்லும் குற்றமல்ல. ரோமாபுரியிலிருந்து வந்த தூர்னோன் என்ற பிரதிநிதி 1704இல் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணையிலேயே இவ்வழக்கம் கண்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் நாற்பது வருஷம் சண்டை நடந்து, கடைசியில் 1744இல் பாப்பு திட்டமாக உத்தரவு போட்டபோது, தாழ்த்தப்பட்டோருக்கென்று தனிச் சாமியார்களை நியமிப்பதாக ஏற்பாடு செய்து சமாளித்தார்கள். வியாதிக்கு மருந்து கேட்டால், வியாதிஸ்தனுக்குத் தனி வீடு கட்டிக் கொடுத்த கதைதான்.

அந்தத் தனி வீடு இன்னும் இடிந்தபாடில்லை. திருநெல்வேலி ஜில்லா வடக்கன்குளத்தில் கோவிலுக்குள்ளேயே ஜாதிக்கு ஒரு பக்கமாகத் தடுத்துக் கட்டியிருந்தார்கள். 1910இல் கௌசானல் பாதிரியார் அதை இடித்தபோது, சுவரைத் திரும்பக் கட்டித் தரவேண்டுமென்று கோர்ட்டுக்குப் போனவர்கள் கிறிஸ்தவர்களே. கோர்ட் அதற்கு இணங்கவில்லை. 2008 மார்ச்சில் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் எறையூரில், தங்களுக்கு மரியாதை இல்லாத கோவில் வேண்டாம், தனிப் பங்கு கொடுங்கள் என்று தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் கேட்கப்போய்க் கலகம் உண்டாகி, போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் இரண்டு உயிர்கள் போயின. செத்தவர்களும் கிறிஸ்தவர்கள், அடிபட்டவர்களும் கிறிஸ்தவர்கள், கல்லெறிந்தவர்களும் கிறிஸ்தவர்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். பெரம்பலூருக்கு மேற்கே, துறையூர்ப் பக்கத்துக் கோட்டப்பாளையம் இதே கும்பகோணம் மேற்றிராசனத்தைச் சேர்ந்ததுதான். அவ்வூர்க் கோவில் திருவிழா முதலிய காரியங்களில் தங்களுக்கு ஜாதி வித்தியாசம் காட்டப்படுகிறது என்று தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் புகார் செய்து, சென்னை ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போய், அங்கே பரிகாரம் கிடைக்காமல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் எதிர்த்தரப்பாருக்கு நோட்டீஸ் அனுப்பிற்று. வழக்கின் தீர்ப்பைப் பற்றி நாம் இங்கே ஒன்றும் சொல்ல வரவில்லை. நாம் கேட்பதெல்லாம், ஒரு கிறிஸ்தவன் தன் கோவிலில் தானும் ஒரு மனிதன் என்று ருசுப்பிக்க டில்லி வரைக்கும் ரயிலேற வேண்டியிருக்கிறதே, அந்தக் கிராமத்திலிருந்து கும்பகோணம் எத்தனை மைல் என்பதுதான்.

பரமார்த்த குருவின் சீடன் எண்ணும்போது தன்னை விட்டுவிட்டான். நமது சபைக்காரர்கள் அதற்கு மேல் ஒரு படி போயிருக்கிறார்கள். இத்தனை லக்ஷம் பேர் எங்கள் சபையில் இருக்கிறோம் என்று சர்க்காருக்குக் கணக்குக் கொடுக்கும்போது சேரித் தெருவைச் சேர்த்து எண்ணுகிறார்கள். சப்பரம் புறப்படும்போது அந்தத் தெருவை விட்டுவிட்டு எண்ணுகிறார்கள்.

இதையெல்லாம் மேலே இருப்பவர்கள் அறியாமலும் இல்லை. 2003இல் பாப்பு இரண்டாம் ஜான் பால் தம்மைப் பார்க்கப் போன தமிழ்நாட்டு மேற்றிராணிமார்களிடமே ஜாதி வித்தியாசத்தைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்திய மேற்றிராணிமார் சபையார் சபைக்குள் ஜாதிக்கொடுமை இருப்பதை ஒப்புக்கொண்டு, தலித்துகளின் முன்னேற்றத்துக்கென்று ஒரு கொள்கை அறிக்கையும் வெளியிட்டார்கள். 2022இல் ஐதராபாத்து மேற்றிராணியார் அந்தோணி பூலாவுக்குக் கர்தினால் பதவி கிடைத்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து முதல் கர்தினால் என்று சந்தோஷப்பட்டார்கள். நாமும் சந்தோஷப்படுகிறோம். ஆனால் முதலாவது என்ற வார்த்தைக்கு அர்த்தம் என்ன? அதற்கு முன் ஒருவரும் இல்லை என்பதல்லவா?

அதே 2022ஆம் வருஷம் மே மாதம் 15ஆம் தேதி ரோமாபுரியில் நமது நாட்டு நீலகண்டன் என்னும் தேவசகாயத்துக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் சூட்டினார்கள். திருவாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்த மேல்ஜாதிக்காரர். கிறிஸ்தவராகி எல்லா ஜாதியாரோடும் கலந்து பழகியவர். எருமைமேல் ஏற்றிச் சித்திரவதை செய்யப்பட்டு 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டவர் என்பது சரித்திரம். பட்டம் கொடுக்குமுன் அவர் பெயரின் வாலிலிருந்த பிள்ளை என்ற ஜாதிப் பெயர் ஆட்சேபணையின் பேரில் எடுக்கப்பட்டது. நல்ல காரியம். ஜாதிப் பட்டத்தை விடவேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மகாநாடு சொன்னதை ரோமாபுரியும் ஒரு விஷயத்திலாவது ஒப்புக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுவோம். ஆனால் ஒரு கேள்வி. ஒரு மனிதன் தன் கொள்கைக்காக உயிரைக் கொடுத்தது போதாதா? செத்து 250 வருஷத்துக்கு மேல் ஆன பிறகு அவர் ஒரு கர்ப்பிணியின் வயிற்றுக் குழந்தையைப் பிழைக்க வைத்தார் என்ற அற்புதத்தை நிரூபித்தால்தான் அர்ச்சியசிஷ்டராக்குவோம் என்றார்களே, இது அவருக்கு மரியாதையா, அவமரியாதையா? அவர் ஜாதியை விட்டதை எத்தனை பேர் பின்பற்றினார்கள் என்று விசாரித்தால் அதுவன்றோ பரீட்சை!

இனி அவர்களுடைய வேதத்தையே எடுத்துக்கொள்ளுவோம். மத்தேயு எழுதிய சுவிசேஷம் 23ஆம் அதிகாரத்தில் ஏசு, விருந்தில் முதல் இடத்தையும் சந்தைவெளியில் வந்தனத்தையும் விரும்பி, வஸ்திரத்தின் தொங்கலைப் பெரிதாக்கிக்கொள்ளுகிற வேதபாரகரைக் கண்டிக்கிறார். பூமியில் ஒருவனையும் தந்தையென்று அழைக்கக்கூடாதென்றும் சொல்லுகிறார். இதைப் பூசையில் வாசித்து முடித்த கையோடு, வாசித்தவரையே தந்தையே என்று கூப்பிட்டு முன் நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். அவர் சீஷர்களின் கால்களைக் கழுவினார் என்பதற்காகப் பெரிய வியாழக்கிழமைதோறும் பன்னிரண்டு பேர் காலைச் சாமியார் கழுவுகிறார். பெண்களின் காலையும் கழுவலாம் என்று 2016இல் பாப்பு பிரான்சிஸ் உத்தரவும் போட்டார். வருஷத்தில் ஒருநாள் குரு சீடன் காலைக் கழுவுகிறார். மற்ற 364 நாளும் யார் யாருடைய காலில் விழுகிறார்கள்?

இவ்வளவும் சொன்னதால் பாதிரியார்களில் மனிதர் இல்லை என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைக்கவேண்டாம். லால்குடிப் பக்கம், அரியலூருக்கு அதிக தூரமில்லாத விரகாலூர் கிராமத்தில் 1937இல் பிறந்த ஸ்டான் சாமி என்பவர் ஏசு சபைச் சாமியார். ஜார்க்கண்டு மாகாணத்தில் பழங்குடி மக்களின் நிலத்துக்காகவும், விசாரணையில்லாமல் சிறையில் கிடந்த வாலிபர்களுக்காகவும் பாடுபட்டவர். 2020 அக்டோபரில், 83ஆவது வயதில், பீமா கோரேகாவ் வழக்கில் அவரைப் பிடித்துப் பம்பாய்ச் சிறையில் வைத்தார்கள். நடுக்குவாதத்தால் டம்ளரைப் பிடிக்கமுடியாமல், தண்ணீர் குடிக்க ஒரு உறிஞ்சு குழல் வேண்டுமென்று கோர்ட்டில் மனுப்போட்டு, அதற்கே வாரக்கணக்கில் காத்திருந்தார். ஜாமீன் கிடைக்கவில்லை. 2021 ஜூலை 5ஆம் தேதி விசாரணையே தொடங்காமல் செத்துப்போனார். அவருக்குக் கடவுள் நம்பிக்கை இருந்தது, நமக்கு இல்லை. இருந்தாலும் அவருடைய படத்தை நமது வாசகசாலையில் மாட்டிவைக்க நமக்கு யாதொரு ஆட்சேபணையுமில்லை. அவர் எந்தக் குருட்டுக்கும் கண் கொடுத்ததாக யாரும் சொல்லவில்லை. ஏலாக்குறிச்சிக்குப் போகிற வண்டிகளில் எத்தனை வண்டி விரகாலூர்ப் பக்கம் திரும்புகிறது?

இன்னொரு சங்கதியும் இதில் அடங்கியிருக்கிறது. அது வயிற்றுப்பாட்டைப் பொறுத்தது. 1950 ஆகஸ்டு 10ஆம் தேதிய ஜனாதிபதி உத்தரவுப்படி, ஆதித்திராவிடன் கிறிஸ்தவனானால் ஷெட்யூல்டு வகுப்பு என்ற உரிமையை இழந்துவிடுகிறான். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பவுத்தருக்கும் அவ்வுரிமை கொடுக்கப்பட்டது. கிறிஸ்தவனுக்கும் முஸ்லிமுக்கும் கொடுக்கப்படவில்லை. இது அநியாயம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையும் கிறிஸ்தவரான ஆதித்திராவிடருக்கு அவ்வுரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டிருக்கிறது. மேற்றிராணிமார்களும் ஆகஸ்டு 10ஆம் தேதியைக் கறுப்பு நாளாகக் கொண்டாடிக் கேட்கிறார்கள். ஆனால் டில்லி சர்க்கார், கிறிஸ்தவ மதத்தில் தீண்டாமை இல்லையே, உங்களுக்கு எதற்குச் சலுகை என்கிறது. "ஐயா, இருக்கிறது, எங்கள் கோவிலிலேயே இருக்கிறது" என்று மேற்றிராணியார் டில்லிக்கு எழுதுகிறார். அப்படியானால் அதை நீக்கவேண்டிய அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்று கோட்டப்பாளையத்தான் கேட்டால், அதற்கு மட்டும் பதில் வருவதில்லை. பங்குச்சாமியை மாற்றும் அதிகாரமும், திருவிழாக் கொடியை ஏற்றலாம், ஏற்றக்கூடாது என்று சொல்லும் அதிகாரமும் அவர் கையில் இருக்கின்றன. ஜாதி பார்க்கிற ஊரில் கொடியேற்ற வரமாட்டேன் என்று ஒரு வருஷம் சொல்லிப் பார்க்கட்டுமே! மோதிரத்துக்கு மரியாதை இருக்கிறதென்றால் அது எந்தக் காரியத்துக்குப் பயன்படுகிறது என்று அன்று தெரிந்துவிடும்.

ஆகவே பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக் கிறிஸ்தவத் தோழர்களுக்கு, முக்கியமாக வாலிபர்களுக்கு, நாம் ஒரு யோசனை சொல்லுகிறோம். அடுத்த தடவை மேற்றிராணியார் உறுதிபூசுதல் கொடுக்க உங்கள் ஊருக்கு வரும்போது மாலை போடப் பிரியப்பட்டால் போடுங்கள். போட்டுவிட்டு, முழந்தாளிடாமல் நின்றபடியே சில விஷயங்களைக் கேளுங்கள். இந்த வருஷம் சப்பரம் எந்தெந்தத் தெருவழியாகப் போகும்? கல்லறையில் நடுவே சுவரோ வேலியோ இருந்தால் அது எந்த மாதம் எடுக்கப்படும்? திருவிழாக் கமிட்டியில் சேரித் தெருவார் எத்தனை பேர்? சபைப் பள்ளிக்கூடங்களில் வாத்தியார் வேலை பார்ப்பவர்களில் அவர்கள் எத்தனை பேர்? பதிலை வாய்மொழியாக வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். வாங்கியதில் ஒரு நகலை நமது ஆபீசுக்கு அனுப்பினால், அதில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் இப்பத்திரிகையில் பிரசுரிக்கிறோம்.